மனம் நொடிந்திருக்கும்போது ஒரு படக்கதை: தனியாகத் தொடங்கி, குழுவாக முடிக்க

நீண்ட நாள் நோயில் கிடந்து எழுந்தவர்கள், நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்கள், வேலை போய் வீட்டில் அடைந்திருப்பவர்கள். இவர்களிடம் "நாலு போட்டோ எடு, மனசு லேசாகும்" என்று சொல்லிவிடுவது சுலபம். எதை எடுப்பது, எடுத்ததை யாரிடம் காட்டுவது, என்ன எழுதுவது, எங்கே நிறுத்துவது என்பதை யாரும் சொல்வதில்லை. அதனால் ஃபோனில் நானூறு படங்கள் சேர்கின்றன. கதை மட்டும் சேர்வதில்லை.

இந்த வழிகாட்டி, 12 வாரத்தில், 12 முதல் 15 படங்கள் கொண்ட ஒரு கதையை ஒரு சிறு குழுவோடு சேர்ந்து முடிப்பதற்கானது. கேமரா பழக்கம் தேவையில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்: நல்ல படம் தரும் தெம்பைவிட, "அடுத்த சனிக்கிழமை என் படத்தைப் பார்க்க ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள்" என்பது தரும் தெம்பு அதிகம். கீழே உள்ள பெரும்பாலான படிகள் அந்தச் சனிக்கிழமையைக் காப்பாற்றுவதற்கானவை.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, முதலில் மருத்துவரிடம் போங்கள். படம் எடுப்பது சிகிச்சைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது. அதன் இடத்தை இது பிடிக்காது.

1. புதுக் கேமரா வாங்காதீர்கள்

மனம் சரியில்லாதபோது பொருள் வாங்கத் தோன்றும். வாங்கிய பிறகு, அதற்குத் தகுந்த படம் வரவில்லையே என்று இன்னொரு பாரம் சேரும். கையில் இருக்கும் ஃபோன் போதும். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000 × 3000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்தில் அது 13 × 10 அங்குலத்துக்கு வரும். சுவரில் மாட்ட இதற்கு மேல் வேண்டாம்.

தொடங்கும் முன் ஃபோனில் செய்ய வேண்டியவை: கேமரா செயலியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீடு இருக்கும் இடம் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதப்பட்டுவிடும். படம் சாயாமல் இருக்கத் திரையில் கட்டக்கோடுகளை (grid) போடுங்கள். ஃபிளாஷை அணையுங்கள். முகத்தை வழவழப்பாக்கும் அழகு வசதியையும் அணையுங்கள். சில ஃபோன்களில் அது கேட்காமலே போடப்பட்டிருக்கும். லென்ஸை மென்மையான துணியால் துடையுங்கள்; "படம் மங்கலா வருது" என்ற புகாருக்குப் பல நேரம் விரல் எண்ணெய்தான் காரணம். 5 ஜிபி இடம் காலியாக இருக்கட்டும்.

கூடவே ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வேண்டும். ஃபோனிலேயே குறிப்பு எழுதலாம் என்று தோன்றும். ஆனால் குறிப்பு எழுதத் திறந்த ஃபோன் உங்களை வேறு எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும்.

2. முதல் படத்துக்கு முன்பே குழுவும் தேதியும்

பலரும் இதைக் கடைசியில் வைக்கிறார்கள்: "கொஞ்சம் நல்ல படம் சேரட்டும், அப்புறம் காட்டலாம்." அந்த அப்புறம் வருவதே இல்லை.

ஆட்கள் 5 முதல் 8 வரை. ஐந்துக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத நாளில் கூட்டமே கலைந்துவிடும். எட்டுக்கு மேலே போனால் நேரம் பற்றாது: ஆளுக்கு 10 நிமிடம், எட்டு பேருக்கு 80, தொடக்கப் பேச்சு 10, ஆக 90 நிமிடம். அதற்குமேல் சோர்ந்த மனத்தால் உட்கார முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம். 12 வாரத்துக்கு ஆறு சந்திப்பு. ஆறு தேதிகளையும் முதல் நாளே எல்லோரும் எழுதிக்கொள்ள வேண்டும். "எல்லோருக்கும் தோதான நாள் பார்த்துச் சொல்றேன்" என்று விட்டால் இரண்டாவது சந்திப்பே நடக்காது.

ஆட்களை எங்கே தேடுவது? நூலகங்கள், நோயாளிகளுக்கான ஆதரவுக் குழுக்கள், ஓவியம் அல்லது எழுத்து வகுப்புகள், உள்ளூர் போட்டோ கிளப்புகள். கிளப்பில் சேர்வதானால் ஒரு முறை சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். லென்ஸைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், படத்தில் இருப்பதைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கவனித்தாலே தெரிந்துவிடும். கட்டணம் கேட்டால் அது எதற்கு என்று கேளுங்கள். இட வாடகைக்கு என்றால் நியாயம். "உங்கள் படத்தை நிபுணர் மதிப்பிடுவார்" என்பதற்கு என்றால் இப்போதைக்கு வேண்டாம். நொடிந்திருக்கும்போது மதிப்பெண் தேவையில்லை.

இடம்: கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. யாராவது ஒருவர் வீட்டில் கூடினால் செலவு மிச்சம்தான். ஆனால் அடுத்த அறையில் வீட்டார் இருந்தால் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். நேரில் முடியாதவர்கள் இணையவழியில் கூடலாம். அப்போது படங்களை முந்தின நாளே அனுப்பிவிட வேண்டும். திரைப் பகிர்வில் படம் சிறுத்து, நிறம் மாறித் தெரியும்.

விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். இவை இருந்தே ஆக வேண்டும்:

– படம் வைத்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. எடுத்தவரும்தான்.
– முதலில் "எனக்கு என்ன தெரிகிறது" என்று சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு", "நல்லா இல்லை" இரண்டும் அதற்கு அப்புறம்.
– கேட்காமல் அறிவுரை இல்லை. படத்துக்கும் இல்லை, வாழ்க்கைக்கும் இல்லை.
– "இன்னிக்கு நான் பேசலை" என்று சொன்னால் காரணம் கேட்கக் கூடாது.
– இங்கே கேட்டதும் பார்த்ததும் வெளியே போகாது.

மூன்றாவது விதிதான் அடிக்கடி உடைகிறது, அதுவும் நல்லெண்ணத்தோடு. ஒருவர் தன் இழப்பைச் சொன்னதும் அடுத்தவர் "நானும் இப்படித்தான் இருந்தேன், நீங்க இதைச் செய்யுங்க" என்று ஆரம்பித்துவிடுவார். நடத்துபவர் அங்கேயே நிறுத்தி, "படத்தில் இன்னும் என்ன தெரியுது?" என்று திருப்ப வேண்டும். நடத்தும் பொறுப்பு ஒவ்வொரு சந்திப்புக்கும் கைமாறட்டும். எப்போதும் ஒருவரே நடத்தினால் அவர் ஆசிரியராகவும் மற்றவர்கள் மாணவர்களாகவும் ஆகிவிடுவார்கள்.

3. முதல் மூன்று வாரம்: நாளுக்கு மூன்று படம்

பத்து நிமிடம், மூன்று படம். அதற்கு மேல் எடுக்க ஆசை வந்தாலும் நிறுத்துங்கள். ஆசையோடு நிறுத்தினால்தான் மறுநாள் கை தானாகப் போகும். எடுத்ததை அன்றைக்கே பார்க்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். மனம் தாழ்ந்திருக்கும் நாளில் எல்லாப் படமும் குப்பையாகத்தான் தெரியும். அந்தத் தீர்ப்பை நம்பி அழித்தால் பின்னால் வருந்துவீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாகப் பார்த்து, ஐந்துக்கு மட்டும் நட்சத்திரக் குறி போடுங்கள்.

எடுக்க எதுவுமே இல்லை என்று தோன்றும் நாட்களுக்கு: ஒரே ஜன்னலின் வெளிச்சம் காலை, மதியம், மாலை, வேலை செய்யும் கைகள், தினமும் தொடும் ஒரு பொருள், படுத்த இடத்திலிருந்து தெரியும் உலகம். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்குக் கடைசியாகச் சொன்னது ஒன்றே மூன்று வாரத்துக்குப் போதும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் உண்டு: நம்பிக்கையையே படம் பிடிக்கப் போவது. சூரிய உதயம், சுவர் வெடிப்பில் முளைத்த செடி, கடலைப் பார்த்து நிற்கும் நிழலுருவம். இவை அழகாக வரும். ஆனால் யாருடைய கதையும் அதில் இருக்காது. நாட்காட்டித் தாளிலிருந்து கிழித்ததுபோல இருக்கும். அதற்குப் பதில், இன்றைக்கு நீங்கள் செய்து முடித்த ஒன்றின் தடயத்தை எடுங்கள்: புதன்கிழமைக் கட்டம் மட்டும் காலியான மாத்திரை டப்பா, பாதி மடித்த துணிக்குவியல், வாசல் வரை போய் வந்த செருப்பு. பார்க்கிறவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியிருக்காது.

4. வெளிச்சம்: இவ்வளவு தெரிந்தால் போதும்

ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை உட்கார வைத்து, அறை விளக்கை அணையுங்கள். பகல் வெளிச்சம் நீலச் சாயல், விளக்கு மஞ்சள் சாயல். இரண்டும் கலந்தால் முகத்தில் திட்டுத்திட்டாக நிறம் வரும், பின்னால் சரிசெய்வது கடினம்.

பல ஃபோன்களில், திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். வெளுத்துப்போன பகுதியில் பிறகு எதையும் மீட்க முடியாது. இருண்ட பகுதியில் ஓரளவு மீட்கலாம். அதனால் இருட்டுப் பக்கம் தவறுவது நல்லது.

முகத்தை எடுக்கும்போது ஃபோனை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். அகல லென்ஸில் மூக்கு பெருத்துத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டுங்கள். இரவில் எடுத்தால் ஃபோன் ஓரிரு வினாடி திறந்திருக்கும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

5. நான்காவது வாரத்திலிருந்து எழுத்து

நட்சத்திரம் போட்ட படம் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் இரண்டு வரி: படத்தில் என்ன இருக்கிறது, படத்துக்கு வெளியே சற்றுத் தள்ளி என்ன இருந்தது. இரண்டாவது வரியிலிருந்துதான் பெரும்பாலும் கதை தொடங்கும்.

குழுவில் பேச ஒரு கேள்வி வரிசை கைகொடுக்கும். கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் 1990களில் உருவாக்கிய போட்டோவாய்ஸ் (மக்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுத்துக் குழுவில் பேசுவது) முறையில் பயன்படுத்துவது இது: இங்கே என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது? இதற்கும் நம் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு? ஏன் இப்படி இருக்கிறது? இதற்கு நாம் என்ன செய்யலாம்? கடைசிக் கேள்விக்கு அவசரப்பட்டுத் தாவாதீர்கள். முதல் இரண்டு சந்திப்புகளில் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

படக்குறிப்பு 25 முதல் 40 சொல். முதல் வாக்கியத்தில் யார், எங்கே, எப்போது. இரண்டாவது வாக்கியத்தில் படத்தில் தெரியாத ஒரு தகவல். காலி நாற்காலிப் படத்துக்குக் கீழே "தனிமை" என்று எழுதாதீர்கள். அந்த நாற்காலியில் யார், எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எழுதுங்கள். தனிமையைப் படிக்கிறவர் கண்டுபிடித்துக்கொள்வார்.

வலியான விஷயத்தை எழுதும்போது ஒரு நாளுக்கு 15 முதல் 20 நிமிடம் என்று கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தால் அது இயல்புதான், பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளியும். அதனால்தான் தூங்கப் போகும் முன் எழுதக் கூடாது. ஒரு விஷயத்தைத் தொட்டாலே கை நடுங்குகிறது என்றால் அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுங்கள். எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கதைக்கும் கிடையாது.

6. ஒப்புதல் தாள்: கதைகள் கடைசி வாரத்தில் நின்றுபோவது இங்கேதான்

மற்றவர் முகம், வீடு, நோய், எழுத்து எதுவானாலும் ஒப்புதல் வாங்குங்கள். எடுத்த அன்றே வாங்குங்கள். காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தேடிப் போனால் ஆள் கிடைக்க மாட்டார், அல்லது குடும்பத்தில் வேறொருவர் வேண்டாம் என்பார். அப்போது கதையின் நடுப்படம் போய்விடும்.

தாள் ஒரு பக்கம், எளிய மொழி, இரண்டு பிரதி: ஒன்று அவருக்கு. அதில் இருக்க வேண்டியவை: அவர் பெயர், எடுத்த தேதி, எதற்காக எடுக்கிறீர்கள், உங்களைத் தொடர்புகொள்ளும் வழி. பிறகு நான்கு தனித்தனிக் கட்டங்கள்: குழுவுக்குள் மட்டும் காட்டலாம், காட்சியில் வைக்கலாம், அச்சில் போடலாம், இணையத்தில் போடலாம். நான்கையும் ஒரே கையெழுத்தில் சேர்த்து வாங்காதீர்கள். அறையில் பத்துப் பேர் பார்ப்பதற்குச் சம்மதிக்கிறவர், இணையத்தில் தன் முகம் சுற்றுவதற்குச் சம்மதிக்காமல் இருக்கலாம். பெயரைப் போடலாமா வேண்டாமா என்று இன்னொரு கட்டம். கடைசியாக, "எப்போது வேண்டுமானாலும் என் படத்தை நீக்கிவிடச் சொல்லலாம்" என்ற வரி. அச்சான பிரதிகளையும் இணையத்தில் மற்றவர்கள் நகலெடுத்ததையும் திரும்பப் பெற முடியாது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். அதை மறைப்பது நேர்மையல்ல.

படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சம்மதத்தைக் குரலாகப் பதிவு செய்யலாம். குழந்தை என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். அதோடு குழந்தையிடமும் கேளுங்கள். பெற்றோர் சரி என்று சொல்லியும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் படம் இல்லை. மயக்கத்திலோ கடும் வலியிலோ இருப்பவர் தரும் சம்மதம் சம்மதமே அல்ல. தெளிந்த பிறகு படத்தைக் காட்டித் திரும்பக் கேளுங்கள். மருத்துவமனை, பள்ளி, காப்பகம் போன்ற இடங்களில் ஆளின் ஒப்புதல் தனி, நிர்வாகத்தின் எழுத்து அனுமதி தனி. நிர்வாக அனுமதிக்கு மூன்று நான்கு வாரம் ஆகலாம் என்று கணக்கிட்டு இரண்டாவது வாரமே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

சுவரில் தொங்கும் குடும்பப் படம், மேசையில் கிடக்கும் மருத்துவச் சீட்டு, கதவிலக்கம், வாகன எண். இவை பின்னணியில் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். வெளியே போகும் படம் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி நான்கு மூலையும் பாருங்கள்.

உங்கள் படத்தைப் போட்டிக்கு அனுப்பும் ஆசை வந்தால் விதிமுறையில் "உரிமை" என்ற சொல் வரும் பத்தியை முதலில் படியுங்கள். வெற்றி பெற்றாலும் பெறாவிட்டாலும் அனுப்பிய எல்லாப் படங்களையும் காலவரையின்றிப் பயன்படுத்திக்கொள்வோம் என்று இருந்தால் அனுப்பாதீர்கள். அந்த உரிமையைத் தர, படத்தில் இருப்பவர் உங்களுக்கு ஒப்புதல் கொடுக்கவில்லை.

7. கோப்புகளைப் பத்திரப்படுத்துதல்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஃபோன், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், இணையத்தில் ஒரு மேகச் சேமிப்பு (கிளவுட்) என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரி. கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள், வரிசை எண் என்ற முறையில் எழுதினால் தானாகவே வரிசைப்படும். ஒப்புதல் தாளின் மூலையிலும் அதே எண்ணை எழுதுங்கள்.

குழுவுக்குப் படத்தை மெசேஜ் செயலியில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். நீளப் பக்கம் 1600 புள்ளிக்குச் சுருங்கிய படம், நல்ல தரத்தில் ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் அச்சாகும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது எப்போதும் மூலக் கோப்பு.

8. தேர்வு: எட்டாவது, ஒன்பதாவது வாரம்

நட்சத்திரப் படங்களில் 40ஐ 6 × 4 அங்குலத்தில் மலிவாக அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் செய்யாதீர்கள், திரையில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் தெரியும், தரையில் படங்களுக்குள் நடக்கும் பேச்சு தெரியும்.

இடத்தைக் காட்டும் ஒன்று, ஆளைக் காட்டும் ஒன்று, கை அல்லது பொருளின் நெருக்கப் படங்கள் சில, செயல் நடக்கும் படங்கள் சில என்று கலந்து வைத்தால் கண் சலிக்காது. ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படத்தில் ஒன்றை நீக்கிவிடுங்கள். எந்தப் படத்தை எடுக்கக் கஷ்டப்பட்டீர்களோ அதைக் கைவிடவும் கஷ்டமாக இருக்கும். ஆனால் உங்கள் கஷ்டம் பார்க்கிறவருக்குத் தெரியாது. இந்த ஒரு வேலையில் குழுவின் கண் உங்கள் கண்ணைவிட நம்பகமானது. வரிசையை மூன்று பேரை வைத்துத் தனித்தனியாக அடுக்கச் சொல்லிப் பாருங்கள். மூவரும் கடைசியாக வைக்கும் படம் ஒன்றாக இருந்தால் அதுவே கடைசிப் படம். கதை சோகத்திலேயே முடிந்தால் முடியட்டும். செயற்கையாக ஒரு சிரித்த முகத்தை ஒட்டவைக்க வேண்டாம்.

9. அச்சும் செலவும்

செலவில் பெரிய பங்கு ஃபிரேமுக்கும் கண்ணாடிக்கும் போகும். அச்சுக்கூலி அதற்கு அப்புறம்தான். ஃபிரேமை விட்டுவிட்டால் மொத்தக் கணக்கே மாறிவிடும். படத்தை ஃபோம் போர்டில் (லேசான நுரை அட்டை) ஒட்டுங்கள், அல்லது கம்பி கட்டிக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். செலவைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பதா, முடிந்தவர் முடிந்ததைத் தருவதா என்று முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். பத்தாவது வாரத்தில் பேசினால், தர முடியாதவர் காரணம் சொல்லாமல் வராமல் போய்விடுவார்.

மொத்தமாக அச்சிடும் முன், இருட்டான ஒரு படத்தையும் வெளிச்சமான ஒரு படத்தையும் சோதனைக்கு அச்சிடுங்கள். திரை எப்போதும் படத்தைப் பிரகாசமாகக் காட்டும்; தாளில் அது மங்கும். எடிட் செய்யும்போது திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் குறையும். மினுமினுப்பான தாளில் விளக்கு பிரதிபலிக்கும். சுவரில் மாட்ட மினுமினுப்பில்லாத மேட் தாளே ஏற்றது. ஃபோன் படம் 4:3 விகிதம், 12 × 8 தாள் 3:2. வெட்டுவதைக் கடைக்காரரிடம் விட்டால் தலை போகும், நீங்களே வெட்டிக் கொடுங்கள். சோதனை, திருத்தம், இறுதி அச்சு மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நாள் ஒதுக்குங்கள்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் வரட்டும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் உண்டென்றால் இன்னும் 10 முதல் 15 செ.மீ. இறக்குங்கள். படக்குறிப்பு 18 பாயின்ட் எழுத்தளவுக்குக் குறையாமல் இருக்கட்டும். சிறிய எழுத்தைப் படிக்க ஆட்கள் நெருங்கிக் குனிவார்கள், பின்னால் நிற்பவருக்குப் படமே தெரியாது.

10. காட்டும் நாளும் அதற்கு அடுத்த வாரமும்

பெரிய திறப்புவிழா வேண்டாம். குழுவினர் ஆளுக்கு ஐந்து பேரை அழைத்தால் 30, 40 பேர் வருவார்கள், அது தாராளம். படத்தில் இருப்பவர்களை ஒரு மணி நேரம் முன்னதாக வரச்சொல்லி முதலில் அவர்கள் பார்க்கட்டும். யாராவது "இதை எடுத்துடுங்க" என்றால் விவாதிக்காமல் இறக்கிவிடுங்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்து இருந்தாலும் சரி. மாற்றுப் படம் இரண்டை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

பார்வையாளர்கள் நேரடியாகக் கேள்வி கேட்பது எல்லோருக்கும் ஒத்துவராது. பேச விரும்பாதவர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, எழுதிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

காட்சி முடிந்த மறுநாள் பலருக்கு ஒரு வெறுமை வரும். 12 வாரம் பிடித்துவைத்திருந்த ஒன்று கையை விட்டுப் போகிறது. இதை எதிர்பார்த்து, அடுத்த வாரமே ஒரு சந்திப்பை முன்கூட்டியே குறித்துவையுங்கள். அதில் படம் எதுவும் கொண்டுவரத் தேவையில்லை. செய்ய வேண்டிய வேலைகள் உண்டு: நோட்டில் எழுதியதைச் சேர்ந்து படிப்பது, செலவுக் கணக்கை முடிப்பது, யாருக்கு எந்தப் பிரிண்ட் என்று பிரிப்பது. படத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும், முடிந்தால் நேரில். இணையத்தில் வேண்டாம் என்று குறித்தவர்களின் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் பிரித்து, குழுவினர் எல்லோர் ஃபோனிலிருந்தும் அவற்றை அன்றே அழித்துவிடுங்கள்.